கெக்கில் நுரை மட்டும் வருகிறதா? முதலில் டியூபைப் பாருங்கள்

வீட்டில் காய்ச்சிய பீரை முதல்முறை கெக்கில் (பீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் உலோகப் பீப்பாயில்) நிரப்பி, ஆசையாகக் குழாயைத் திறந்து, கிளாஸ் முழுக்க வெறும் நுரையாக வந்து நிற்பதைப் பார்த்ததும் ஈஸ்ட் சரியில்லையோ, சர்க்கரை கூடிவிட்டதோ என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. நானும் உடைத்துக்கொண்டேன், இரண்டு வாரம். கடைசியில் பார்த்தால் பீரில் ஒரு குறையும் இல்லை, கெக்குக்கும் குழாய்க்கும் நடுவே நான் போட்டிருந்த டியூப் நாலே அடி நீளம், அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில். இங்கே 1978-ல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை வரி கட்டாமல் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம், அதனால் ஊரில் இருப்பவர்கள் இதைச் சும்மா படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கெக். பெரும்பாலானவர்கள் வாங்குவது 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சோடா கெக். டியூப் மாட்டும் விதத்தை வைத்து இதில் பால் லாக், பின் லாக் என்று இரண்டு ஜாதி உண்டு. பெப்சிக்காரர்கள் பயன்படுத்தியது பால் லாக், கோகோ கோலாக்காரர்கள் பின் லாக். பழைய கெக் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டையும் கலந்து வாங்கிவிடாதீர்கள், ஒன்றின் டிஸ்கனெக்ட், அதாவது டியூபைக் கெக்கோடு மாட்டும் இணைப்பு, இன்னொன்றில் ஏறாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பால் லாக்கே எடுங்கள், உதிரி பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும்.

கெக்கின் தலையில் டிஸ்கனெக்ட் ஏறும் முனைக்குப் போஸ்ட் என்று பெயர். பால் லாக்கில் கேஸ் போகும் போஸ்ட்டும் பீர் வரும் போஸ்ட்டும் அளவில் மயிரிழைதான் வித்தியாசம். டிஸ்கனெக்டில் சாம்பல் நிறம் கேஸுக்கு, கறுப்பு பீருக்கு. கேஸ் போஸ்ட்டின் அடியில் சின்னதாக வெட்டுக் குறி இருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி வைத்து அழுத்தினால் ஏறிவிடும், ஆனால் கழற்றுவதற்குள் உயிர் போய்விடும். அரைமணி நேரம் ஸ்பானரோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், லேசாக அழுத்தி இறங்கவில்லை என்றால் அது தப்பான போஸ்ட்.

கேஸ் பக்கம் சுலபம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அதன் தலையில் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர், அதிலிருந்து உள்விட்டம் 5/16 இன்ச் டியூப், முனையில் சாம்பல் டிஸ்கனெக்ட். கேஸ் டியூப் எவ்வளவு நீளம் என்பது ஒரு பொருட்டே இல்லை, கைக்கு வசதியாக இருந்தால் போதும். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை எதிலும் இணைக்கவே கூடாது. அறை வெப்பத்தில் உள்ளே 800 பிஎஸ்ஐக்கு (ஒரு சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) மேல் இருக்கும், நமக்கு வேண்டியதோ 12. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், படுக்கப்போட்டால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

ரெகுலேட்டரில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பது திரவம், கடைசித் துளி திரவம் ஆவியாகிற வரை முள் பெரிதாக அசையாது, அதன்பின் மளமளவென்று இறங்கிவிடும். சிலிண்டரைத் தராசில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

இப்போது முக்கியமான சமாச்சாரம், பீர் டியூப். பீருக்குள் கேஸ் கரைந்து இருக்கிறது, கெக்குக்குள் இருக்கும் அழுத்தம்தான் அதைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கிறது. குழாய் வாயில் வரும்போது அந்த அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும். டியூப் குட்டையாக இருந்தால் பீர் பாய்ந்து வந்து குழாய் வாயில் ஒரே அடியாக விடுபட்டு நுரைத்துவிடும், குலுக்கிய சோடா பாட்டிலைப் பட்டென்று திறந்தது போல. ஒடுக்கமான நீளமான டியூபில் உராய்ந்து உராய்ந்து வந்தால் வேகம் அடங்கி, நிதானமாக வந்து விழும். அதாவது டியூப் வெறும் வழியல்ல, அதுதான் பிரேக்.

சாதாரண வினைல் டியூப் என்றால் உள்விட்டம் 3/16 இன்ச் வாங்குங்கள், ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12 பிஎஸ்ஐ வைத்தால் 12 அடி. கடைகளில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இதில் பாதிகூட இருக்காது, அது பார்களில் வேகமாக ஊற்றுவதற்கான கணக்கு, வீட்டில் அந்த அவசரம் யாருக்கு? உள்விட்டம் 1/4 இன்ச் டியூபை வாங்கிவிடாதீர்கள், அதில் உராய்வு மிகக் குறைவு, வீடு முழுக்கச் சுற்றினாலும் போதாது. குழாய் கெக்கின் நடுமட்டத்தைவிட உயரத்தில் இருந்தால், இரண்டு அடி உயரத்துக்குச் சுமார் ஒரு பிஎஸ்ஐ அதுவே தின்றுவிடும், அந்த அளவுக்கு டியூபைக் குறைக்கலாம். ஆனால் முதலில் நீளமாகவே போடுங்கள், பிறகு அரை அடி அரை அடியாக வெட்டிப் பாருங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. 16 அவுன்ஸ் கிளாஸ் 8 முதல் 10 வினாடியில் நிறைந்தால் போதும்.

இப்போது பலரும் ஈவா பேரியர் டியூபுக்கு மாறிவிட்டார்கள். உள்விட்டம் 4 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 8. இன்னும் ஒடுக்கம் என்பதால் ஆறேழு அடியில் வேலை முடிந்துவிடும், பிளாஸ்டிக் வாடையும் பீரில் ஏறாது, வெளிக்காற்றின் ஆக்சிஜனும் உள்ளே நுழையாது. என்னைக் கேட்டால் பளபளக்கும் விலையுயர்ந்த குழாய்க்குக் கொடுக்கும் காசை இதில் போடலாம். இந்த டியூப் விறைப்பானது, அதனால் டியூபைச் செருகினால் தானே பிடித்துக்கொள்ளும் புஷ் ஃபிட்டிங்தான் இதற்குத் தோது. பிளேடால் நேர்க்கோட்டில் வெட்ட வேண்டும், சாய்வாக வெட்டினால் கசியும். செருகும்போது முதலில் ஒரு தடை தட்டும், அதோடு விட்டுவிடுகிறார்கள். அது ஓ-ரிங், கசிவை அடைக்கும் ரப்பர் வளையம், அதைத் தாண்டி இன்னும் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். வினைல் டியூப் என்றால் முனையை ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கி, இளகியதும் ஃபிட்டிங்கின் பற்களில் ஏற்றிக் கிளாம்ப் போடுங்கள்.

டிஸ்கனெக்டுகள் மரை உள்ளதாகவே வாங்குங்கள், கழற்றிக் கழுவ வசதி. அந்த மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். இங்கே கசிவை அடைப்பது மரை அல்ல, கூம்பு வடிவ முனைதான். உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் நடுவே நைலான் வாஷர் வேண்டும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்திலும் ஒரு வாஷர் உண்டு. அதை நான் ஒருமுறை மறந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி முடுக்கிவிட்டுத் தூங்கப் போனேன், ஞாயிறு காலை ஐந்து பவுண்டு சிலிண்டர் காலி. இருபத்தைந்து காசு வாஷர்.

அதனால் கசிவு பார்க்காமல் விடாதீர்கள். ஊரில் சமையல் கேஸ் சிலிண்டர் மாற்றியதும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போமே, அதே வேலைதான். ஒவ்வொரு இணைப்பிலும், கெக் மூடியைச் சுற்றியும், போஸ்ட்டுகளிலும் தடவுங்கள், குமிழ் வந்தால் கசிவு. அதன்பின் சிலிண்டரை மூடிவிட்டு ராத்திரி முழுக்க மீட்டரைக் கவனிக்கலாம், ஆனால் காலி கெக்கில் செய்யுங்கள். பீர் உள்ளே இருந்தால் அது கேஸைக் குடிக்கும், முள் இறங்கும், கசிகிறது என்று நினைத்து நீங்கள் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவீர்கள். மூடியின் பெரிய ஓ-ரிங்கில் உணவுக்கு உகந்த சிலிகான் கிரீஸ் தடவி, முதலில் 30 பிஎஸ்ஐ ஏற்றினால் மூடி நன்றாக உட்கார்ந்துகொள்ளும். மூடி மேலுள்ள வால்வை இழுத்து நாலைந்து முறை கேஸை வெளியேற்றினால் உள்ளே மிச்சமிருந்த காற்றும் போய்விடும். மூடியைத் திறக்கும் முன்னும் அதே வால்வை இழுத்து அழுத்தத்தை முழுக்க வெளியேற்றுங்கள். இதையெல்லாம் பூட்டிய நிலவறையில் செய்ய வேண்டாம், இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கி மூச்சை அடைக்கும்.

அப்புறம் அழுத்தம். ஃபிரிட்ஜில் 38 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 3 டிகிரி செல்சியஸ் போல வைத்து 12 பிஎஸ்ஐ விட்டால், பத்து பதினான்கு நாளில் ஒரு லிட்டர் பீருக்குச் சுமார் இரண்டரை லிட்டர் கேஸ் கரைந்திருக்கும். பொறுமை இல்லாதவர்கள் ஒரு நாள் 30 பிஎஸ்ஐயில் வைத்துவிட்டு, அதிகப்படியை வெளியேற்றி 12-க்கு இறக்குவார்கள், நான் இரண்டு முறை செய்து இரண்டு முறையும் அளவு மிஞ்சி நுரையில் குளித்தேன். நுரை அடிக்கிறதே என்று ஊற்றும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைப்பது ஒரு மோசமான பழக்கம். கெக்கில் அழுத்தம் குறைந்தால் பீரிலிருந்து கேஸ் பிரியும், டியூபில் குமிழ் குமிழாகத் தெரியும், முன்பைவிட அதிகம் நுரைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் கிளாஸ் மட்டும் நுரைக்கிறது, இரண்டாவது நன்றாக வருகிறது என்றால் குழாயும், ஃபிரிட்ஜ் மேல் அதைத் தாங்கி நிற்கும் கம்பமும் சூடாக இருக்கின்றன. ஃபிரிட்ஜுக்குள் ஒரு சின்ன ஃபேன் வைத்துக் குளிர்காற்றை மேலே அனுப்புங்கள். மிச்ச டியூபைத் தொங்கவிடாமல் கெக் தலைமேல் சுருட்டி வையுங்கள். குழாயைப் பாதி திறந்து பார்க்காதீர்கள், திறந்தால் முழுக்கத் திறக்க வேண்டும்.

டியூபைக் கழுவுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஒவ்வொரு கெக் காலியாகும்போதும். காலி கெக்கில் வெதுவெதுப்பான கிளீனர் கரைசலை ஊற்றி கேஸால் தள்ளிக் குழாய் வழியாக விடுங்கள், பதினைந்து நிமிடம் உள்ளே நிற்கட்டும், பிறகு தண்ணீர், பிறகு சானிடைசர். போஸ்ட்டுகளை ஒவ்வொரு முறையும் கழற்றிப் பாருங்கள், உள்ளிருக்கும் சின்ன ஸ்பிரிங் வால்வில் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் துணுக்கு சிக்கியிருக்கும், அதுவும் நுரைக்கு ஒரு காரணம். கழற்றும்போது ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்டு ஓடுவது எப்போதும் அந்த ஓ-ரிங்தான், ஒரு டஜன் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.