பழைய லோரியின் எண்ணெய் மீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறை, ஜூரு வட்டாரத்துப் பட்டறைகளுக்குப் புதிதாக வேலை பழக வரும் தம்பிமார்கள் எண்ணெய் மீட்டர் கோளாற்றைக் கையாளும் விதத்தைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள் ஒன்று விடாமல் மறுபடியும் நடப்பதைக் காண்கிறேன். பியூஸைப் பார்ப்பதும் அறுந்த வயரைத் தேடுவதும் யாரும் சொல்லித் தர வேண்டியவை அல்ல என்பதால் அவற்றை விட்டுவிட்டு, பணத்தையும் நேரத்தையும் விழுங்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். டீசல் லோரியில் மீட்டர் முள் பொய் சொன்னால், எண்ணெய் தீர்ந்து வண்டி நிற்பதோடு கதை முடிவதில்லை. குழாயில் காற்று புகுந்துவிடும். கைப்பம்பை அடித்து அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் என்ஜின் மீண்டும் ஓடும். பினாங்குப் பாலத்தின் நடுவில், கொள்கலன் லோரிகள் உரசிக்கொண்டு போகும் ஓரத்தில் நின்று அந்த வேலையைச் செய்வது உயிருக்கே ஆபத்தானது.

எர்த்தைப் பார்க்காமல் டேங்கியில் கை வைப்பது

பழைய லோரியில் இந்த மின்சுற்று மிக எளிமையானது. சாவியைத் திருப்பியதும் மீட்டருக்கு மின்சாரம் வருகிறது. அங்கிருந்து ஒரே ஒரு வயர், டேங்கிக்குள் மிதவையின் உதவியால் எண்ணெய் மட்டத்தை அளக்கும் ஃபுளோட்டுக்குப் போகிறது. ஃபுளோட்டின் மின்தடைப் பட்டையைக் கடந்த பிறகு, டேங்கியின் உடம்பு வழியாகவோ தனி எர்த் வயர் வழியாகவோ வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைச் சேர்ந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை இந்தப் பாதை முழுவதிலும் உள்ள மின்தடைதான் தீர்மானிக்கிறது. அதில் எவ்வளவு ஃபுளோட்டின் தடை, எவ்வளவு துருவின் தடை என்று பிரித்தறிய மீட்டரால் முடியாது.

பழைய டொயோட்டா வண்டிகள் பலவற்றில், டேங்கி நிறைந்திருக்கும்போது ஃபுளோட்டின் தடை ஏறத்தாழ 3 ஓம், பாதியில் 32 ஓம், காலியில் 110 ஓம். எர்த் போல்ட்டின் அடியில் பிடித்த துரு 30 ஓம் தடையைச் சேர்த்துவிட்டால், வாய்வரை நிரப்பிய டேங்கியும் பாதி என்றே காட்டும். வி.டி.ஓ. போன்ற ஐரோப்பிய மீட்டர்களில் தடை ஏற ஏற முள்ளும் ஏறும் என்பதால், அதே துரு, டேங்கியில் இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டும். ஓட்டுநரைப் பொறுத்தவரை அது இன்னும் கொடியது.

ஜூருவில் ஒரு லோரி நிறுத்துமிடத்தில் நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. மூன்று டன் ஜப்பானிய லோரி அது. டேங்கியையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் சுரண்டிப் புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு, டேங்கியை நிரப்பினாலும் முள் பாதியைத் தாண்டவில்லை. வேலை பார்த்த இளைஞர், ஃபுளோட் போய்விட்டது என்று முடிவு கட்டி, டீசலை டிரம்மில் வடித்து, டேங்கியை இறக்கி, புதிய ஃபுளோட்டைப் பொருத்தினார். முள் அதே பாதியில் நின்றது. அடுத்ததாக மீட்டரைக் குற்றம் சொல்லி, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையிலிருந்து முழு மீட்டர் பலகையையே வாங்கி மாட்டினார். அதுவும் பாதிக்கு மேல் ஏறவில்லை. லோரிக்காரர் என்னை அழைத்தபோது, “அண்ணே, வயரிங் முழுசும் மாத்தணும்னு சொல்றாங்க, உண்மையா?” என்றுதான் முதலில் கேட்டார்.

டேங்கிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எர்த் வயரின் முனையில் உள்ள வளைய லக்கைப் புதுச் சாயத்தின் மேலேயே வைத்து இறுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரையில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்ததால், எர்த் முழுவதும் அறுபடாமல் அரைகுறையாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றி, லக்கின் முகத்தையும் சட்டத்தையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். சாவியைத் திருப்பியதும் முள் மெல்ல ஏறி நிறைவுக் கோட்டில் போய் நின்றது. கழற்றிப் போட்ட பழைய ஃபுளோட்டை அளந்து பார்த்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. நல்ல பாகங்கள் இரண்டைத் தூக்கிப் போட்டு, லோரியையும் ஓடாமல் நிறுத்தி வைத்து, அத்தனை செலவையும் வண்டிக்காரர் தலையில் கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் அந்த லோரியை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஃபுளோட்டின் எர்த்திலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் தொட வேண்டும். அளவு பூஜ்யத்தை ஒட்டி நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. இதற்கு மல்டிமீட்டரை ஓமில் வைக்கக் கூடாது; மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றில் ஓம் அளவு தவறாகவே வரும். மல்டிமீட்டர் கையில் இல்லையென்றால், ஃபுளோட்டின் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை தற்காலிகமாக ஒரு நீள வயரைப் போட்டு, முள் இடம் மாறுகிறதா என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். கடற்காற்று வீசும் பட்டர்வொர்த் பக்கம் ஓடும் லோரிகளில், டேங்கியைத் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்வதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

வயரை எர்த்தில் தொட்டுப் பிடித்துக்கொண்டே இருப்பது

ஃபுளோட்டின் வயரைக் கழற்றிச் சேசிஸில் தொட்டு மீட்டரைச் சோதிப்பது சரியான முறைதான். ஆனால் பழைய மீட்டர்கள் பல, உள்ளே சூடாகி வளையும் ஈருலோகத் தகட்டால் இயங்குபவை. அவற்றின் முள் நகர ஒரு நிமிடம்கூட ஆகலாம். முள் உடனே ஏறவில்லை என்று வயரை நேரடியாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால், உள்ளிருக்கும் சுருள் எரிந்து, நல்ல மீட்டர் வீணாகிவிடும். இடையில் ஒரு சிறிய பல்பையோ 10 ஓம் ரெசிஸ்டரையோ வைத்துத் தொடுங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால், டேங்கியின் வாயருகே தீப்பொறி பறக்கும்படி எதையும் தொடக் கூடாது. சாவியை அணைத்துவிட்டு வயரைத் தூரமாக எங்காவது இணைத்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

ஒரு முள்ளை மட்டும் பார்ப்பது

எண்ணெய் முள்ளும் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் ஒன்றாகப் பிசகினால் ஃபுளோட்டை மறந்துவிடுங்கள். இரண்டு மீட்டர்களுக்கும் சீரான வோல்டேஜ் கொடுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழைய லேண்ட் ரோவர்களில் இது சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். விட்டு விட்டுக் கொடுப்பதால் மல்டிமீட்டரில் எண் நிலையாக நிற்காது, அதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஸ்டெபிலைசரின் எர்த் விட்டுப்போனால் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போய், இரண்டு முட்களும் உண்மைக்கு மேலே நிற்கும்.

அளவு பார்க்காமல் ஃபுளோட் வாங்குவது

துளைகள் பொருந்துகின்றன என்பதற்காக வாங்கக் கூடாது. அமெரிக்க வகைப் பொது ஃபுளோட்டுகள் காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம் கொண்டவை, வி.டி.ஓ. வகை காலியில் 10, நிறைவில் 180. மாற்றிப் போட்டால் முள் தலைகீழாகவோ அரைகுறையாகவோ ஓடும். மீட்டர் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிதவைக் கம்பியை வளைத்து முள்ளைச் சரிசெய்வது

செய்யாதீர்கள்.

மின்தடைப் பட்டையை மணல்தாளால் தேய்ப்பது

அதிலுள்ள கம்பி தலைமயிர் அளவு மெல்லியது; தேய்த்தால் அறுந்துவிடும்.

டேங்கிக்குள் இறக்கிய பிறகு சோதிப்பது

ஃபுளோட்டைப் பொருத்துவதற்கு முன், டேங்கிக்கு வெளியே வைத்தே வயரையும் எர்த்தையும் இணைத்து, மிதவைக் கம்பியைக் கையால் மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, ஒருவரை மீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முள் ஓரிடத்தில் திடீரென்று விழுந்தால் பட்டை அங்கே தேய்ந்திருக்கிறது. பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால், உள்ளே டீசல் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும்.

காலி அளவைச் சரிபார்க்காமல் வண்டியை அனுப்புவது

டேங்கி காலியாக இருக்கும்போதே 10 லிட்டர் அளந்து ஊற்றி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தை ஓட்டுநரிடம் விரல் வைத்துக் காட்டி, இதற்குக் கீழே இறங்கினால் அடுத்த நிலையத்திலேயே எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.