தோட்டத்துக்கு வரும் மயில்: கவனிக்கவும் பயிரைக் காக்கவும்

மயிலைக் கவனிக்க இரண்டு வேளைதான் தோது: விடிந்து ஒரு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் ஒரு மணி நேரம். நடுப்பகல் வெயிலுக்கு அது புதருக்குள் ஒதுங்கிவிடும். விராலிமலைப் பக்கமானாலும் சரி, திருப்பூர்ச் சோளக்காடானாலும் சரி, முதலில் அது இரவில் அடையும் மரத்தைக் கண்டுபிடியுங்கள். நல்ல உயரமான மரமாக இருக்கும். அடியில் எச்சமும் உதிர்ந்த இறகும் கிடக்கும். நாற்பது மீட்டராவது தள்ளி, மறைவாக ஒரே இடத்தில் உட்காருங்கள். நடந்துகொண்டே தேடினால் ஓடுகிற முதுகுதான் கண்ணில் படும்.

கண்ணைவிடக் காது முந்தும். இழுத்து உரக்க அகவினால், பெரும்பாலும் ஆண்மயில் தன் இடத்தை அறிவிக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் விடியலிலும் அந்தியிலும் இது அதிகம். 'கொக், கொக்' என்று வெட்டி வெட்டி வேகமாக வந்தால் அது அபாயக் குரல். நாய், கீரி, பாம்பு என்று ஏதோ ஒன்று தரையில் இருக்கிறது. கழுத்தை நீட்டி எல்லாம் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று பாருங்கள். ஆள் அங்கே போகும்போதும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மழைக்காகத்தான் மயில் ஆடுகிறது என்பது சரியல்ல. பெட்டைக்காகத்தான் ஆடுகிறது, மழைக்காலமும் அதன் கூடல் காலமும் ஒட்டி வருவதால் அப்படித் தோன்றுகிறது. களத்துமேடு, வரப்பு மாதிரி வெட்டவெளியான ஓரிடத்தைப் பிடித்து, நாள் தவறாமல் அங்கேயே விரிக்கும். நாம் தோகை என்பது வால் அல்ல, வாலுக்கு மேல் முளைக்கும் நீண்ட இறகுகள். உண்மையான வால் பழுப்பு நிறத்தில் பின்னால் நின்று அதைத் தாங்குகிறது. பெட்டை நெருங்கியதும் அந்த வால் அதிர, தோகை முழுவதும் சலசலக்கும், வினாடிக்குச் சுமார் 25 தடவை. அதே வேகத்தில் பெட்டையின் கொண்டை இறகுகளும் அதிரக்கூடியவை என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதனால் அந்தச் சலசலப்பு பெட்டையின் கண்ணுக்கு மட்டும் காட்டும் வேடிக்கையாக இருக்காது. ஆட்டத்துக்கு நடுவில் குறுக்கே போகாதீர்கள். கூடல் காலம் முடிந்ததும் தோகை உதிர்ந்துவிடும். மொட்டையாகத் தெரிகிற ஆணை நோயாளி என்று நினைத்துப் பிடிக்க வேண்டாம்.

தீனி என்று பார்த்தால் எதையும் விடாது. தானியம், இளந்தளிர், இலந்தைப் பழம், கரையான், வெட்டுக்கிளி, ஓணான், எலிக்குஞ்சு, சிறு பாம்பு. சோறு, மிக்சர், ரொட்டி போட்டுப் பழக்காதீர்கள். மனிதரைக் கண்டு ஒதுங்காத மயில் நாய்க்கும் வண்டிக்கும் எளிதில் பலியாகும். கோடையில் ஆழமில்லாத தொட்டியில் தண்ணீர் வைத்தால் போதும்.

பயிர்ச்சேதம் உண்மையான கஷ்டம். நிலக்கடலையில் விதைத்த நாள் முதல் முளைத்து நிமிரும் வரை கவனம் வேண்டும். மயில் பெரும்பாலும் வயலுக்குள் நடந்தே நுழையும். அதனால் பழைய சேலைகளை வேலியைச் சுற்றி, அடிப்பக்கம் தரையைத் தொடும்படி இழுத்துக் கட்டுங்கள். ஒரு சாண் இடைவெளி விட்டாலும் குனிந்து புகுந்துவிடும். மினுக்கு ரிப்பன் சில நாள்தான் பயமுறுத்தும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். தக்காளியைச் செங்காயிலேயே பறித்து நிழலில் பழுக்க வையுங்கள்.

விதைநேர்த்தி செய்த, அதாவது மருந்து கலந்த விதை மண்ணுக்கு மேலே சிதறிக் கிடக்கவே கூடாது. அதைப் பொறுக்கும் மயில் செத்துப்போகும். விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் குற்றம்: 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது, மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை.

களையெடுக்கும்போதோ அறுவடையிலோ தரைக்குழியில் நாலைந்து முட்டை தென்பட்டால், சுற்றிலும் இரண்டு மீட்டர் வெட்டாமல் விட்டு, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பெட்டை ஏறக்குறைய 28 நாள் அடைகாக்கும். எடுத்து வந்து கோழிக்கு அடை வைப்பதும் சட்டப்படி குற்றம்தான். அதோடு கோழியிடமிருந்து பரவும் குடல்நோய் மயில்குஞ்சைக் கொன்றுவிடும். பெட்டை திரும்பவே வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.