பரணிலிருந்து இறங்கும் பிக் பேண்ட்

பாரிஸ் புறநகரில் வசந்தம் வந்துவிட்டால் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு தெருவில் ‘வீத் கிரெனியே’ நடக்கும். பரணைக் காலி செய்வது என்று அர்த்தம். தாத்தா போனபின் பேரப்பிள்ளைகள் கீழே இறக்கிய பெட்டிகளில் இசைத்தட்டுகள் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரெஞ்சு பிக் பேண்ட் ஜாஸை, அதாவது பதினைந்து பேர் போலச் சேர்ந்து வாசிக்கும் பெரிய குழுக்களின் ஜாஸை, நான் பழகிக்கொண்டது அந்தப் பெட்டிகளில்தான். சேன்த் ஊவான் பழம்பொருள் சந்தைக்குப் போகாதீர்கள். அங்கே விற்பவருக்கு விலை தெரியும்.

‘ஜாஸ்’ என்று எழுதிய தட்டை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்க ஜாஸ் போதாது. ழாக் எலியான், எமே பாரெல்லி, ரே வான்துரா போன்ற குழுத் தலைவர்கள் எல்லாரும் நடனத்துக்கும் வேடிக்கைப் பாட்டுக்கும் வாசித்துத்தான் குழுவை நடத்தினார்கள். ஜாஸ் அதற்குள் ஒளிந்திருக்கும்.

லேபிளில் பாட்டின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் நடன வகை போட்டிருப்பார்கள். பொலேரோ, வால்ஸ், சாம்பா என்றால் நான் திருப்பி வைத்துவிடுவேன். ‘ஃபாக்ஸ்’ (ஃபாக்ஸ்ட்ராட் நடனம்) என்றிருந்தால் எடுத்துக்கொள்வேன். பாரெல்லி பெயர் இருந்தால் யோசிக்கவே மாட்டேன். மனிதர் அசல் ட்ரம்பெட்காரர்.

வீட்டுக்கு வந்ததும் துடைக்கத் தோன்றும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். அது அரக்குக் கலவை, ஸ்பிரிட்டில் கரையும். என் முதல் எலியான் தட்டு அப்படித்தான் போனது. மெல்லிய ஈரத்துணி போதும். ஊசியையும் மாற்ற வேண்டும்: எல்பி (பின்னால் வந்த நீண்ட நேரத் தட்டு) ஊசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமானது தேவை. இல்லையென்றால் வெறும் கரகரப்புதான்.

இனி கேட்பது. ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான். பாடகர் முடிக்கும்வரை பொறுங்கள்; பெரும்பாலும் பாதிக்கு மேல் அவர் ஒதுங்குவார், குழு வாயைத் திறக்கும். அந்த இடத்தை மட்டும் நாலு தடவை போடுங்கள். முதல் தடவை சாக்சபோன்கள்: வழக்கமாக இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிடோன், ஐவரும் ஒரே மூச்சில். அவற்றுக்கு மேல் கிளாரினெட் ஏறி நின்றால் அமெரிக்கக் குழுத் தலைவர் க்ளென் மில்லரின் வாசனை. அவருடைய ராணுவக் குழு 1944 டிசம்பரில் பாரிஸுக்கு வந்தபோது அவர் கூட இல்லை. விமானம் கடல் மேல் காணாமல் போயிருந்தது. இரண்டாவது தடவை ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் எப்போது குறுக்கே பதில் சொல்கின்றன என்று பாருங்கள். மூன்றாவது தடவை எட்டு எட்டு பாராக (பார் என்பது ஒரு தாளச் சுற்று) எண்ணுங்கள்: ஒரே மெட்டு இரண்டு முறை, பிறகு வேறொன்று, திரும்ப பழையது. நடுவிலுள்ள அந்த ‘வேறொன்று’தான் தனி ஆளுக்குக் கிடைக்கும் சந்து. நாலாவது தடவை டிரம்மர் மட்டும்.

1948 பிப்ரவரியில், பீபாப் என்ற புதுப் பாணி ஜாஸின் அமெரிக்க ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பிக் பேண்ட் பாரிஸின் சால் ப்ளெயெல் அரங்கில் வாசித்தது. பீபாப் ஜாஸே இல்லை என்ற பிரெஞ்சு விமர்சகர் பனாசியேவும், அதற்காக வரிந்துகட்டிய இன்னொரு விமர்சகர் தெலோனேவும் அதற்குமுன்பே பிரிந்துவிட்டார்கள். எனக்கு இரண்டு தரப்புமே பிடிக்கும், அதனால் நண்பர்களிடம் திட்டும் வாங்குகிறேன்.

ஐம்பதுகளுக்கு எல்பி தேடுங்கள். பார்க்லே என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பெயரைக் கண்டால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: 1957-ல் அமெரிக்க இசையமைப்பாளர் க்வின்சி ஜோன்ஸ் பாரிஸுக்கு வந்து இசை ஆசிரியை நாதியா பூலான்ஜேயிடம் பாடம் படித்துக்கொண்டே அந்தக் கம்பெனிக்கு இசை எழுதினார். டிரம்ஸில் அமெரிக்கர் கென்னி க்ளார்க் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். 1956-லிருந்து அவர் பாரிஸ்வாசி. மற்ற பெயர்கள் தட்டுக்குத் தட்டு திரும்பத் திரும்ப வரும். காலையில் ஒரு பாடகருக்கு, மாலையில் இன்னொருவருக்கு வாசித்த கூட்டம் அது. இங்கே அவர்களை ஸ்டூடியோ சுறாக்கள் என்பார்கள். பியானோக்காரர் க்ளோத் போலிங்கின் பிக் பேண்டும் அந்தப் பத்தாண்டில் பிறந்ததுதான். அவர் அமெரிக்கக் குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் பக்தர். ஆனால் புல்லாங்குழல்காரர் ராம்பாலோடு அவர் போட்ட 1975 தட்டுதான் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அது பிக் பேண்ட் அல்ல, அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

வாங்கிய 78-களைப் பையில் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். ரயிலில் கூட்டம் இருந்தால் மடியில்.