இறந்த பிறகு எழுதிய உயிலா?

என் மருமகளின் முன்னோர் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் குவேக்கர்கள், அதாவது ஒரு கிறிஸ்தவச் சபையினர். அவர்களில் ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன். தந்தை என்று நான் நினைத்தவர் உயில் எழுதியது 1731 டிசம்பரில். குவேக்கர் சபைப் பதிவிலோ அவர் இறந்தது 1731, 11ஆம் மாதம். சரி, இது வேறு ஆள் என்று ஒதுக்கிவிட்டேன்.

தப்பு என் கணக்கில்தான். மாதப் பெயர்களில் பழைய தெய்வங்களின் பெயர் வருகிறதே என்று குவேக்கர்கள் மாதங்களை எண்ணால் குறித்தார்கள். 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. முதல் மாதம் மார்ச். ஆக 11ஆம் மாதம் ஜனவரி, நம் கணக்கில் 1732. உயில் எழுதி அடுத்த மாதமே போயிருக்கிறார், பாவம்.

அப்புறம் அந்தப் பெண்ணின் திருமணச் சான்றிதழைப் பார்த்தேன். குவேக்கர் திருமணத்துக்குப் பாதிரியார் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள், பெண்களும்தான். மணமக்கள் பெயருக்குக் கீழே நெருங்கிய உறவினர். அங்கே நான் ஒதுக்கிய அந்தத் தந்தையின் பெயர் இருந்தது. பக்கத்திலேயே அவர் மனைவி. உயிலில் படித்த அதே இரண்டு பெயர்கள். பெண்கள் தனியாக நடத்திய மாதக் கூட்டக் குறிப்பேட்டையும் விடாமல் பாருங்கள். மணப்பெண்ணைப் பற்றி விசாரிக்க இரண்டு பெண்களை அங்கேதான் நியமித்தார்கள்.