டோக்கன் உங்களுடையது, ஓட்டு யாருடையது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து கோயம்புத்தூர் ஐ.டி. கம்பெனிகளுக்குப் போய்வரும் பிள்ளைகளில் கிரிப்டோ டோக்கன் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. விலை என்னவென்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். அதோடு அந்தத் திட்டத்தின் விதிகளையும் பொதுப்பணத்தையும் முடிவு செய்யும் ஓட்டுரிமையும் சேர்ந்து வந்திருக்கிறதே என்றால், "அதெல்லாம் பெரிய ஆளுங்க பாத்துக்குவாங்ணா, என்னோட நாப்பது டோக்கன் என்னத்தைப் பொரட்டிப் போடும்?" என்கிறார்கள்.

போடாத ஓட்டு சும்மா கிடக்கும் என்ற இந்த நினைப்புதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர். கேரளத்தில் நம் வார்டு கிராமசபைக்கு 10 சதவீத வாக்காளர்கள் வந்தால்தான் கோரம். வராதவர் பேரைச் சொல்லி இன்னொருவர் கை தூக்க முடியாது. டோக்கன் கணக்கைப் பல கணினிகளில் ஒரே மாதிரி எழுதி வைக்கும் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் (சுருக்கமாகச் சங்கிலி) அது முடியும், விதிப்படியே முடியும்.

காஸ்மோஸ் ஹப் என்ற சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆட்டம் டோக்கனை ஒரு வேலிடேட்டரிடம் (கணக்கைச் சரிபார்த்துச் சங்கிலியை நடத்துபவர்) ஸ்டேக் செய்துவிட்டு, அதாவது வருமானத்துக்காக அவர் பேரில் பூட்டி வைத்துவிட்டு, நீங்கள் ஓட்டுப் போடாமல் இருந்தால், அந்த வேலிடேட்டர் போடும் ஓட்டில் உங்கள் பங்கும் சேர்ந்துவிடும். நீங்களே போட்டால் உங்கள் பங்கு மட்டும் உங்கள் பக்கம் திரும்பும். ஆனால் நம் ஆட்கள் வேலிடேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கமிஷன் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்கிறார்கள். முந்தைய முன்மொழிவுகளில் அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதும் அதே சங்கிலியில் பதிவாகி இருக்கிறது. பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அங்கே நான்கு பொத்தான்கள் இருக்கும்: ஆதரவு, எதிர்ப்பு, வீட்டோவுடன் எதிர்ப்பு, நடுநிலை. கோபம் வந்தவுடன் வீட்டோவை அழுத்துவது பெரிய தவறு. பதிவான ஓட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டோ விழுந்தால், ஆதரவு எவ்வளவு இருந்தாலும் முன்மொழிவு தோற்கும். கொண்டுவந்தவர் கட்டிய டெபாசிட்டும் திரும்பக் கிடைக்காமல் எரிந்துபோகும். பிடிக்கவில்லை என்றால் சாதாரண எதிர்ப்பே போதும். வீட்டோ, மோசடிக்கும் குப்பை முன்மொழிவுக்கும் உரியது. நடுநிலை என்று போட்டால் கோரத்தில் சேரும் என்பதும் பலருக்குத் தெரியாது.

அடுத்தது, டோக்கன் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே அதைப் போட்டு வைப்பது. இதில் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்டீம் என்ற சங்கிலியைப் போல இன்னொரு பாடம் கிடையாது. 2020 பிப்ரவரியில் ட்ரான் என்ற வேறொரு சங்கிலியின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அந்த நிறுவனத்திடம் இருந்த பெரிய டோக்கன் குவியலை வைத்து அவர் சங்கிலியைக் கைப்பற்றிவிடுவார் என்று பயந்து, டோக்கன் ஓட்டில் தேர்வாகிச் சங்கிலியை நடத்திய விட்னஸ்கள் அந்தக் குவியலை முடக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய எக்ஸ்சேஞ்சுகள், வாடிக்கையாளர்கள் தங்களிடம் வைத்திருந்த ஸ்டீமைப் பூட்டி, அதைக் கொண்டே சன் பக்கத்து விட்னஸ்களுக்கு ஓட்டுப் போட்டன. முன்வரிசையில் இருந்த விட்னஸ்கள் ஒட்டுமொத்தமாக இறக்கப்பட்டார்கள். டோக்கனுக்கு உரியவர்கள் யாரையும் யாரும் கேட்கவில்லை. அப்படிப் பூட்டிய டோக்கன் முழுதாக வெளியே வர 13 வாரம் ஆகும் என்பதால், அதுவரை வாடிக்கையாளர் பணத்தை எடுப்பதே சிக்கலானது. அதே மாதம் 20ஆம் தேதி சமூகத்தில் பெரும்பகுதி பிரிந்துபோய் ஹைவ் என்று தனிச் சங்கிலி தொடங்கியது. நீண்ட நாள் வைத்திருக்கப்போகும் டோக்கன் என்றால் சாவி உங்கள் கையிலேயே இருக்கும் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சரி, ஓட்டுப் போட ஆரம்பித்தாயிற்று. அப்புறம் வரும் தவறு, தலைப்பையும் விளக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு ஆதரவு என்று அழுத்துவது. 2023 மே மாதம், கிரிப்டோ யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை மறைக்கும் சேவையான டொர்னாடோ கேஷில் ஒரு முன்மொழிவு வந்தது. முன்பு நிறைவேறிய ஒன்றின் அதே நிரல்தான் (கணினி புரோகிராம்) இது என்று விளக்கம் சொன்னது. உள்ளே கூடுதலாக ஒரு செயல்பாடு ஒளிந்திருந்தது. நிறைவேறியதும் அதைக் கொண்டுவந்தவர் நிரலையே மாற்றி, தனக்குத்தானே 12 லட்சம் ஓட்டுகளைக் கொடுத்துக்கொண்டார். அங்கே நியாயமாக இருந்த ஓட்டுகளே சுமார் 7 லட்சம்தான். எல்லோராலும் நிரல் படிக்க முடியாது, உண்மைதான். ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் பார்க்கலாம். யாருமே சரிபார்க்காத ஒன்றுக்கு ஆதரவு தருவதைவிட எதிர்ப்பது மேல்.

நேரத்தைக் கோட்டை விடுவதும் அப்படித்தான். காம்பவுண்ட் என்ற கிரிப்டோ கடன் தளத்தில் 2024 ஜூலையில் அதன் 4,99,000 காம்ப் டோக்கனை, அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 2.4 கோடி டாலரை, ஒரு குழுவின் பொறுப்பில் விடச் சொல்லும் முன்மொழிவு 6,82,191க்கு 6,33,636 என்ற கணக்கில் நிறைவேறியது. ஓட்டெடுப்பு முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிறகு பேச்சுவார்த்தை நடந்து அது கைவிடப்பட்டது என்றாலும், அத்தனை மெல்லிய வித்தியாசத்தைப் பார்த்த பிறகும் சின்ன ஓட்டுகள் சேர்ந்து ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று: காம்பவுண்ட், டோக்கன் மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப் போன்றவற்றில் டோக்கன் இருந்தால் மட்டும் போதாது, நீங்களே ஓட்டுப் போட அந்த உரிமையை உங்கள் பேருக்கே டெலிகேட் (ஒப்படைப்பு) செய்திருக்க வேண்டும். அதுவும் ஓட்டெடுப்பு தொடங்கும் முன்பே. தொடங்கிய பிறகு செய்தால் அடுத்த முன்மொழிவுக்குத்தான் உதவும்.

கார்டானோ என்ற சங்கிலியில் 2025 ஜனவரியில் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு, ஓட்டை யாருக்காவது ஒப்படைக்காமல் ஸ்டேக்கிங் வருமானத்தை எடுக்க முடியாது. அவசரத்தில் பட்டியலில் முதலில் தெரிகிற பெயரைத் தட்டிவிடாதீர்கள். யாரையும் தெரியாவிட்டால் நடுநிலை என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது.

உங்களுக்குப் பணம் வரக்கூடிய முன்மொழிவு என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடுங்கள். ஓட்டுப் போட வாலட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கேட்கிற தளம் எதுவானாலும் மோசடிதான், உடனே மூடிவிடுங்கள்.

போல்காடாட் என்ற சங்கிலியில் டோக்கனை எவ்வளவு நாள் பூட்டி வைக்கச் சம்மதிக்கிறீர்களோ அதற்கேற்ப ஓட்டின் எடை 6 மடங்கு வரை ஏறும். நீங்கள் போட்ட பக்கம் ஜெயித்தால் பூட்டு பல மாதங்கள் வரை விழும். தை மாசக் கல்யாணச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தில் அதைச் செய்யாதீர்கள். பூட்டே இல்லாமல் 0.1 மடங்கு எடையில் போடவும் அங்கே வழி இருக்கிறது.