பிக்கப் வண்டிக்கு பிரேக் பேட் மாற்றுவதில் நாம் செய்யும் தவறுகள்

தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவரும் பிக்கப் பக்கத்தில், அடிவாரத்துப் பண்ணாரியில் போய் நின்று பாருங்கள். கோஸ் வாசனைக்கு முன்னால் ஒரு கருகல் வாசனை மூக்கில் ஏறும். முன் சக்கரத்து பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டை, சூடேறித் தேய்கிற வாசனை அது. அதே வண்டி சமவெளி பைபாஸில் பால் லோடு அடித்துக்கொண்டிருந்தால், அதே பேட் இரண்டு மூன்று மடங்கு காலம் வரும்.

அதனால்தான் "எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை பேட் மாத்தணும்?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஒருவர் 20,000 என்பார், இன்னொருவர் 60,000 என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கிலோமீட்டரை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் தவறு. கணக்கு மில்லிமீட்டரில் இருக்கிறது. புது பேட்டில் தேயக்கூடிய பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். அது 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்த்து அளந்துவிட்டு "இன்னும் நிறைய இருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. தகடு கணக்கில் வராது. அளவுகோல் இல்லையென்றால் தீக்குச்சி போதும். ஒரு குச்சியின் பருமன் ஏறக்குறைய 2 மி.மீ. பேட் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றரைக் குச்சி அளவுதான் மிச்சம் என்றால் கடைக்குப் போகலாம். மலையில் லோடு ஓட்டுகிறவர் 4 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது. பேட் மெலிய மெலிய சூடு சீக்கிரமாக, பேட்டைத் தாங்கி அழுத்தும் காலிபருக்கும் பிரேக் ஆயிலுக்கும் ஏறும்.

அடுத்தது நானே செய்த தவறு. ஒரு வருடம் முழுக்க, டயர் கழற்றும்போதெல்லாம் வெளிப்பக்க பேட்டை எட்டிப் பார்த்துவிட்டு "பாதிக்கு மேல் இருக்கு" என்று திருப்தியாக நட்டை முறுக்கிவிடுவேன். ஒருநாள் இடது முன் சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் கரகர சத்தம். பட்டறையில் காலிபரைத் தூக்கிய மெக்கானிக் உள்பக்க பேட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெறும் தகடு. அதுவும் ஒரு ஓரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. "உள் பேட்டைப் பாக்கவே இல்லீங்களாண்ணா?" என்றார். பார்க்கவில்லை. காலிபர் உள்ளும் வெளியும் நகர்வதற்கு "பின்" என்று இரண்டு கம்பி இருக்கும். அதன் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீரும் மண்ணும் போய்த் துருப்பிடித்து, பின் இறுகிவிட்டிருந்தது. காலிபர் நகராததால், பேட்டைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் உள்பக்கத்து பேட் மட்டும் முழுச் சுமையையும் வாங்கித் தேய்ந்திருக்கிறது. பேட்டோடு டிஸ்க்கும் போனது. அன்றிலிருந்து இரண்டு பேட்டையும் பார்க்காமல் நட்டு முறுக்குவதில்லை. அந்தப் பின்னுக்கு, கையில் கிடைத்த சாதா கிரீஸையும் தடவக் கூடாது. ரப்பர் உப்பி மறுபடியும் இறுகும். சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் கேட்டு வாங்க வேண்டும்.

கீச் சத்தம் வரட்டும், அப்புறம் மாற்றலாம் என்று காத்திருப்பவர்கள் நிறைய. பேட் மெலிந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே சின்னத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் எல்லா பேட்டிலும் அது கிடையாது. பல செட்களில் ஒரு பேட்டில் மட்டும்தான் இருக்கும். டீசல் இன்ஜின் இரைச்சலும் தார்ப்பாய் படபடப்பும் சேர்ந்தால், கத்தினாலும் காதில் விழாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மழையில் நனைந்து நின்ற வண்டி காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கத்தும். அது டிஸ்க்கில் படிந்த மேல்துரு, தானாகப் போய்விடும். அதற்காக நல்ல பேட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடுகிறோம். கசிவு இல்லாமல் ஆயில் மெதுவாக இறங்குகிறது என்றால் பேட் தேய்கிறது என்று பொருள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். நாம் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வாய்ப்பே இல்லாமல் போகிறது. கடைசியில் புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, ஊற்றியதெல்லாம் பொங்கி வழிந்து பெயின்டைத் தின்னும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்று அந்தப் பக்கத்துக்கு மட்டும் பேட் வாங்குவது வெட்டிச் சிக்கனம். பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். டிஸ்க்கையும் விட்டுவிடாதீர்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதை லேத்தில் கொடுத்துச் சீவினால் இன்னும் மெலியும், அவ்வளவுதான்.

இனி, யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம். முன் பேட் அடிக்கடி தேய்கிறதென்றால் குற்றவாளி பின்னால் இருக்கலாம். நம் ஊர் பிக்கப்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம் (உருளைக்குள் லைனிங் உரசிப் பிடிக்கும் பிரேக்). பின் ட்ரம் லைனிங் தேய்ந்தோ அட்ஜஸ்ட் செய்யாமலோ கிடந்தால் முன் பேட்தான் அத்தனை வேலையும் பார்க்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது, பல வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே இருக்கும் லோடு வால்வு. லோடு ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் ஒரு கம்பி வழியாக அது தெரிந்துகொண்டு, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். நாம் என்ன செய்கிறோம்? கூடுதல் லோடு ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை சேர்த்துப் போடுகிறோம். ஒன்றரை டன் ஏற்றினாலும் வண்டி பழையபடி தாழாது. வால்வு "வண்டி காலி" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பாரம் பின்னால், பிரேக் முன்னால். பேட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. பட்டை மாற்றினால் அந்தக் கம்பியையும் தெரிந்தவரிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும்.

இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது பற்றி எத்தனை தடவை சொல்வது! இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொண்டால் பேட்டுக்கு ஓய்வு கிடைக்கும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் பேட்டின் மேல்பகுதி கண்ணாடி மாதிரி இறுகி, தடிமன் இருந்தும் பிடிக்காது. பழைய ஆயில் என்றால் அதில் சேர்ந்திருக்கும் ஈரம் கொதித்து, மிதி பஞ்சு போல் உள்ளே போகும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் தாங்க வேண்டியது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் சேர்ந்தபின் அதற்கு வைத்திருக்கும் அளவு 140 மட்டுமே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடிவாரத்தில் நிறுத்தி, கொதிக்கும் ரிம்மில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். டிஸ்க் கோணிவிடும்.

புது பேட் போட்டதும் வண்டியை எடுக்கும் முன் மிதியை நாலைந்து தடவை அழுத்துங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும். பட்டறைச் சுவரில் முட்டிய வண்டிகள் இப்படித்தான் முட்டின. அப்புறம் முதல் 200, 300 கிலோமீட்டர் கடுமையாக மிதிக்காமல் ஓட்ட வேண்டும், பேட் டிஸ்க்கோடு படிந்து உட்கார. அந்த வாரம் திம்பம் லோடு வந்தால் வேறு வண்டிக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்.