பேய்க்கதையை வாய்விட்டுச் சொல்வது எப்படி?

பேய்க்கதை சொல்ல உட்காரும் பலர் முதல் வரியிலேயே குரலைக் கரகரப்பாக்கிக்கொள்கிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. கேட்பவர் அந்த நொடியே உஷாராகிவிடுவார். நேற்று நடந்ததைச் சொல்வதுபோலத் தொடங்குங்கள். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலியில், செவ்வாய்வாசிகள் படையெடுத்து வரும் நாடகம் ஒலிபரப்பானது. அதைச் செய்தி அறிக்கைபோலச் சொன்னதால்தான் கேட்டவர்களில் சிலர் உண்மையென்றே நம்பினார்கள்.

பூட்டு, மாடிப்படி, சொட்டும் குழாய் என எல்லோருக்கும் தெரிந்த பொருள்களை முதலில் கொண்டுவாருங்கள். பிறகு ஒன்றே ஒன்றைப் பிசகவிடுங்கள். தினமும் இறங்கும் மாடியில் 13 படிகள்; இன்றிரவு காலுக்குப் பதினான்காவது படி தட்டுப்படுகிறது. பேயின் பல்லையும் நகத்தையும் வர்ணிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கதை முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நிகழ்ச்சிகளின் வரிசை நினைவில் இருந்தால் போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் சொல் பிசகாமல் வைத்திருப்பேன். தமிழில் வினை இறுதியில் வருவது நமக்குப் பெரிய வரம். "கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை, மெதுவாக, அவள் காலை..." என்று நிறுத்திப் பாருங்கள். தொட்டதா, பிடித்ததா, இழுத்ததா? மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு வினையைச் சொல்லுங்கள். அந்த இடத்தில் குரல் இறங்க வேண்டும். கேட்பவர் தானாகவே உங்கள் பக்கம் சாய்வார். அலறல் கதைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

அறிவியல் கதையென்றால், அதன் விதியைத் தொடக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். பயத்தை அந்த விதியிலிருந்தே எடுக்கலாம். செவ்வாயிலிருந்து ரேடியோ சமிக்ஞை பூமியை அடைய, இரு கோள்களின் தூரத்தைப் பொறுத்து சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். செவ்வாயில் தனியாக இருக்கும் ஒருத்தியின் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள். "திறக்கலாமா?" என்று பூமியைக் கேட்கிறாள். கேள்வி போய்ப் பதில் வர 44 நிமிடம்கூட ஆகலாம். தட்டலோ நிற்கவில்லை. முழுக் கதையையும் அந்தக் காத்திருப்புக்குள்ளேயே சொல்லிவிடலாம். விண்வெளியின் வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பதும் நல்ல கருவி: கப்பல் வெடிக்கும் இடத்தில் 'டமார்' என்று கத்தாமல், சட்டென்று பேச்சை நிறுத்துங்கள்.

சொல்லும்போது முகங்களைப் பாருங்கள். சிறு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டால், அடுத்த பயங்கரத்தைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். கதை முடிந்தபின் "இது நிஜமா?" என்று அந்தப் பிள்ளை கேட்டால், இல்லையென்று நேராகச் சொல்லுங்கள். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை.